எதிர்வரிசை வீடு

எண்பதுகளின் நடுவில் நாங்கள் பொழிச்சலூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே குடியிருந்தோம். என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. குவார்ட்டர்ஸ் இன்னும் கிடைக்கவில்லை. என்னோடு அலுவலகத்தில் இருந்தவளின் கணவரும் ரயில்வேதான். அவர்களுக்குத் தாம்பரத்தில் பழைய பங்களா ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

வெள்ளைக்காரர்கள் கட்டியது. நடுவில் வேப்பமரங்கள் நிற்கும் பெரிய முற்றம். அதன் இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி ஒரே மாதிரி வீடுகள். அகலமான வராந்தா, மரச்சட்டப் பின்னல், அண்ணாந்து பார்க்க வேண்டிய ஓட்டுக்கூரை, கயிற்றை இழுத்தால் திறக்கும் மேல் ஜன்னல்.

"ஃபேன் போடலையா?" என்றேன்.

"தேவைப்படாதுக்கா. கூரை உயரம்ல."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்தச் சாதாரணம்தான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கணவரிடம் குவார்ட்டர்ஸ் பேச்சை ஆரம்பித்துவிட்டேன்.

அவரை விடாமல் நச்சரித்து, சில வருடங்களில் அதே முற்றத்தில் குவார்ட்டர்ஸ் வாங்கிவிட்டேன். அவளுக்கு நேர் எதிர் வீடு. கனவு பலித்தது என்றுதான் நினைத்தேன். முதல் கோடையிலேயே தெரிந்துபோனது. எங்கள் வராந்தா மேற்கே பார்த்தது. மதியத்துக்கு மேல் தரையில் கால் வைக்க முடியாது. அவளுடையது கிழக்கே பார்த்தது. சாயங்காலம் கடல்காற்று அவள் முகத்தில்தான் வீசும். விரித்த கூந்தல் பறக்க அவள் காபி குடிப்பதை நான் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பேன்.

ஒரு நாள் உறைமோர் கேட்டு வந்தவள் என் சமையலறையிலேயே நின்றுவிட்டாள். பின்கதவு வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

"கொடுத்து வெச்சவங்கக்கா நீங்க," என்றாள். "எங்க கிச்சன் மேற்கால. சாயந்திரம் அடுப்புகிட்ட நிக்க முடியாது. அதான் வராந்தாவுல வந்து உக்காந்துக்கறேன். அங்க உக்காந்தா உங்க மேலதான் பொறாமையா இருக்கும்."

என் சந்தோஷத்தை வெளியே காட்டாமல் உறைமோரைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவள் கணவர் சமையலறை ஜன்னலுக்கு வெட்டிவேர் தட்டி கட்டினார். தண்ணீர் தெளித்தால் வீடே மணக்கிறது என்றாள்.

என் கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன்: "ஏங்க, அந்தத் தட்டி எங்க விக்கிது?"