நடக்காத கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு

1

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு நடக்கவிருந்த கமிட்டிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை, சனிக்கிழமை மதியமே டைப் அடித்து முடித்துவிட்டேன். கார்பன் தாளை உருவும்போதுதான் உறைத்தது. கூட்டம் இன்னும் நடக்கவே இல்லை!

பொருள் நிரலை மட்டும் அடிக்கத்தான் உட்கார்ந்தேன். விரல்கள் முடிவுகளையும் சேர்த்தே அடித்துவிட்டன. ஒன்று, பெயர்ப்பலகை: கருத்து வேறுபாடு. இரண்டு, போதகர் அங்கி அணிவதா: விவாதம் தொடரும். இப்படியே போய், ஒன்பது, மலை ஊழியம்: நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது.

நான் பி.காம். முடித்து, தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த கையோடு கள்ளக்குறிச்சியில் எங்கள் சபை ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்தவள். அதற்குச் சற்று முன்புதான் சபை பழைய திருச்சபைப் பிரிவை விட்டு வேறொரு பிரிவில் இணைந்திருந்தது. "கல்வராயன் மலைக்கு ஆள் அனுப்ப அங்க விடமாட்டேங்கறாங்க" என்பதுதான் விலகுவதற்குச் சொன்ன காரணம். இணைந்த பிறகு அந்தக் காரணம் ஒன்பதாவது இடத்துக்குப் போய்விட்டது.

அதை மறக்காதவர் பாக்கியம் சிஸ்டர். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கரியாலூருக்கு அப்பால் ஒரு மலையூரில் தங்கிப் பிரசவம் பார்க்க வரச்சொல்லி அந்த ஊர்க்காரர்கள் அவரைக் கேட்டிருந்தார்கள். குடிசைகூடக் கட்டிவைத்திருந்தார்கள். கமிட்டி தீர்மானம் போட்டால்தான் மருந்தும் துணையும் கிடைக்கும்.

"இன்னா கிரேசு, என் முட்டி போறதுக்குள்ளயாவது தீர்மானம் போடுவாங்களா?" என்று வாராவாரம் கேட்பார்.

அந்த மாதம் அவர் கேட்கவில்லை. அந்த ஊரிலிருந்து ஒரு கர்ப்பிணியைத் தூளி கட்டித் தூக்கிவந்தவர்கள் பாதி வழியிலேயே அவள் உயிர் போக, திரும்பிப் போனார்கள் என்று செய்தி வந்திருந்தது.

2

"போன கூட்டத்துக் குறிப்பைப் படிம்மா" என்றார் போதகர்.

"ஐயா, இன்னைக்குக் கூட்டத்தோடதே ரெடியா இருக்குங்க" என்று எழுந்து படிக்க ஆரம்பித்தேன். 'மூப்பர் ஞானமுத்து, பலகையில் எழுத்து ஓரடி உயரம் வேண்டும் என்றார். பொருளாளர், முக்கால் அடி போதும் என்றார்.'

கரும்புத் தோட்டமும் டிராக்டரும் வைத்திருக்கும் ஞானமுத்து துள்ளி எழுந்தார். "நிறுத்தும்மா! நான் இன்னும் வாயே தொறக்கல. நான் சொன்னேன்னு எப்டி எழுதுவ?"

"சொல்லமாட்டீங்களாய்யா?"

"சொல்லத்தான் வந்துக்கிறாரு. வூட்லருந்து அளக்கற டேப்பு எடுத்துக்கினு வந்துக்கிறாரு, பாரு!" என்றார் பொருளாளர்.

"நீ மட்டும் இன்னாவாம்? உன் பையில கெடக்கறது இன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. "தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திடறேன்" என்று ஒன்பதாவதையும் படித்தேன். சிரிப்பு நின்றது. தூளியின் செய்தி அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

போதகர் தாளை வாங்கினார். ஒன்பதை அடித்து ஒன்று என்று எழுதினார். "இது முடியற வரைக்கும் வேற பேச்சு வேணாம்."

அரை மணி நேரத்தில் தீர்மானம் ஆயிற்று. சிஸ்டருக்குத் துணை யார் என்ற இடத்தில் மட்டும் தயங்கினார்கள். நான் கை தூக்கினேன்.

"நீ போயிட்டா இங்க டைப்பு யார் அடிப்பா?" என்றார் ஞானமுத்து.

"மெஷினையும் தூக்கிக்கினு போறேங்க!"

3

கிளம்பவேண்டிய வியாழக்கிழமை பஸ் ஓடவில்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆலய வாசலில் பொருளாளர், "அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்க..." என்று இழுத்தார்.

"அந்த வார்த்தைய இனிமே எவனும் சொல்லக்கூடாது!" என்று கத்திவிட்டு ஞானமுத்து வீட்டுக்குப் போய் டிராக்டரோடு திரும்பினார். மருந்துப் பெட்டி, அரிசி மூட்டை, டைப்ரைட்டர், நாங்கள் இருவர்.

கச்சிராயபாளையம் சாலையில் குறுக்கே ஒரு புளியமரம். சுற்றிலும் இளைஞர்கள். பலர் ஞானமுத்துவின் உறவுக்காரர்கள்.

"இன்னா மாமா, நீங்களே வண்டி எடுத்துக்கினு வரலாமா? நம்ம புள்ளைங்க படிப்புக்குத்தான போராடறோம்?"

"போராடுடா, வேணான்னு சொல்லல. நீ பொறந்தப்ப உங்கம்மாளுக்குப் பிரசவம் பாத்தது யாரு, தெரியுமா? தோ, மூட்டை மேல குந்திக்கினு இருக்குதே, அதுதான்."

சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "தலை பெருசுடா உனக்கு. உங்கம்மா ரொம்பப் பாடுபட்டா."

கூட்டம் ஊளையிட்டுச் சிரித்தது. அந்தப் பையனே முதலில் கிளையைப் பிடித்தான். வண்டி போகும் அளவுக்கு இழுத்து ஒதுக்கினார்கள்.

"சபை பேர மாத்திட்டீங்களாமே மாமா, புதுப் பேரு இன்னா?" என்று ஒருவன் கேட்டான்.

"பேரு கெடக்குது, நவுருடா!"

கரியாலூரில் டிராக்டரை நிறுத்தி, அங்கிருந்து நடந்தோம். பெட்டிகளைச் சுமக்க மலைக்காரர்கள் எதிரே வந்திருந்தார்கள். பத்தாம் நாள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. செய்தியை ஆலயத்தில் வாசித்தபோது ஞானமுத்து போட்ட ஸ்தோத்திரம் தெருவரை கேட்டதாம்.

ஒரு வருடம் ஆகிறது. அதன் பிறகு எந்தத் தூளியும் பாதி வழியில் திரும்பவில்லை. ஆபீஸ் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. எதற்காகக் கூடினோமோ அதை முதல் வரியில் அடியுங்கள். எழுத்தரால் முடிகிற காரியம் அது.

இப்போது கவலை ஊரை ஒட்டி ஓடும் ஓடையைப் பற்றி. ஐப்பசியில் தண்ணீர் வந்தால் அக்கரை ஊருக்கு இரண்டு மூன்று நாள் போக முடியாது. அதற்குள் மூங்கில் பாலம் ஒன்று போட்டுப் பார்க்கப் போகிறோம். போட்டுப் பழக்கமுள்ளவர் ஒருவரும் இல்லை. திங்கட்கிழமை ஞானமுத்து வடக்கயிறு கொண்டுவருகிறார். பொருளாளரும் போதகரும் மண்வெட்டியோடு வருகிறார்கள். அக்கரையில் ஒருத்திக்கு இது எட்டாம் மாதம்.