களத்தில் ஏறிய சப்பாத்து

வலது கெண்டைக்காலில் அந்தப் பிடிப்பு விதைப்புக் காலத்தில் தொடங்கியது. வாய்க்கால் கட்டு வழியே, தண்ணீர் திறந்துவிடும் துருசடிக்கு நடந்து போனால், பாதி வழியில் யாரோ சதையை முறுக்கிப் பிழிவது போலிருக்கும். நின்றால் விட்டுவிடும். நடந்தால் திரும்ப வரும்.

குடியேற்றத் திட்டத்தில் எங்கள் காணிக்கு அடுத்தது என் மனைவியின் தமையனுடையது. நான் வாய்க்கால் கட்டில் நிற்பதைக் கண்டால் அவர் தன் வயலிலிருந்தே சத்தம் வைப்பார்.

"என்ன மச்சான், கொக்குக்குத் துணைக்கு நிக்கிறீரோ?"

சேற்றில் இறங்குகிறவர்களுக்கு வரும் வாதம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். பாதம் எப்போதும் குளிர்ந்திருந்ததால் மனைவி தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். எனக்குச் சூடு உறைக்கவில்லை. இன்னும் சூடாக வை என்றேன். மறுநாள் பெருவிரல் ஓரத்தில் கொப்புளம். அது உடைந்து புண்ணாகி, ஆறாமலே கிடந்தது.

புண்ணைக் காட்டத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, பாதத்தின் மேற்புறத்தில் விரல்களை வைத்தார். பிறகு கணுக்காலுக்குப் பின்னால், முழங்காலுக்குப் பின்னால். இடது காலிலும் அதே இடங்களைத் தொட்டுப் பார்த்து, மறுபடி வலது காலுக்கு வந்தார்.

"இந்தக் காலிலை நாடி பிடிபடேல்லை."

என்னைப் படுக்கவைத்து இரண்டு கால்களையும் உயர்த்திப் பிடித்தார். இடது பாதம் நிறம் மாறவில்லை. வலது பாதம் தோய்த்த வேட்டி போல வெளுத்தது. எழுப்பி இருத்திக் கால்களைத் தொங்கவிட்டபோது மெல்ல மெல்லச் செம்பரத்தம்பூ நிறத்துக்கு வந்தது.

"சுருட்டு பத்துவியளோ?"

"ஓம். விடிஞ்சால் பொழுதுபட்டால் அதுதான்."

"இனி இல்லை. காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைபட்டுப் போச்சு. சுருட்டு மிச்சத்தையும் அடைக்கும். சூடு காட்டப்படாது. வெறுங்காலோடை எங்கையும் மிதிக்கப்படாது. ஆனால் நாள்தவறாமல் நடவுங்கோ. நோ வந்தால் நில்லுங்கோ, விட்டதும் திரும்ப நடவுங்கோ. நடக்க நடக்கச் சின்னக் குழாயள் வழி திறக்கும்."

"புண்?"

"மருந்து கட்டுவம். கறுத்தால் வெட்டத்தான் வேணும். விரலோடை நிக்குமெண்டு சொல்லேலாது."

மடைவாய் அடைபட்டால் கடைசி வயல்தான் முதலில் காயும். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காணி தரப்பட்டது நானே இறங்கிச் செய்வேன் என்றுதான். ஒற்றைக் காலோடு சேற்றில் என்ன செய்வது? காலைக் கொடுப்பதில்லை என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவெடுத்தேன்.

பஸ் ஏறுமுன் சந்தையடியில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடையில், ரப்பர் அடி வைத்த துணிச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன். வீட்டிலிருந்த சுருட்டுக் கட்டை எறியவில்லை. நெல் அரிவு வெட்ட வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அலுமாரியில் என் கண் படும் தட்டிலேயே வைத்தேன். அது அங்கே இருக்கட்டும், நான் இங்கே இருக்கிறேன்.

மறுநாள் முதல் சப்பாத்தோடு வாய்க்கால் கட்டில் நடந்தேன். நின்றேன், நடந்தேன், நின்றேன்.

"துரை வாறார், வழி விடுங்கோ!" என்றார் மைத்துனர்.

"துரைக்கு இந்தக் கட்டுப் போதாது. உம்மடை வயலுக்கையும் இறங்குவன்" என்றேன்.

வெட்டிய கதிரில் வண்டில் மாடுகளை விட்டு நெல் பிரிக்கிற, சூடு மிதிக்கும் நாள் வந்தது. சூடுமிதிக்கும் களத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. நெல்லில் செருப்புப் பட்டால் விளைச்சல் குறையும் என்பார்கள். நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆனால் வைக்கோல் தாள் காலைக் கீறும். புண் அப்போதுதான் ஓரம் மூடத் தொடங்கியிருந்தது. களத்துக்குரியவனே முதல் கதிர்க்கட்டைப் போட வேண்டும்.

மைத்துனர் முன்னால் வந்து நின்றார்.

"சப்பாத்தைக் கழட்டும் மச்சான். இது லட்சுமி."

"கழட்டேலாது."

"அப்ப வெளியிலை நில்லும். கட்டை நான் போடுறன்."

தேத்தண்ணீர்க் கேத்தலோடு வந்த என் மனைவி அதைக் கீழே வைத்தாள்.

"அண்ணை, அந்த வண்டில் மாட்டின்ரை காலிலை என்ன கிடக்கு?"

"லாடம்."

"இரும்போடை மாடு லட்சுமியை மிதிக்கலாம். மிதிச்சுக்கொண்டே சாணியும் போடலாம். இவரின்ரை துணிச் சப்பாத்துக்குத்தான் அவா கோவிக்கிறாவோ?"

வெட்டுக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார்.

"மாடும் மனுசனும் ஒண்டோடி?" என்றார் மைத்துனர்.

"மாட்டின்ரை கால் பழுதாப் போமெண்டுதானே லாடம் அடிச்சனியள்? என்ரை மனுசன்ரை கால் அதைவிட மலிவோ?"

மைத்துனர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் காணிக்குப் போய்விட்டார். நான் களத்தில் ஏறி முதல் கட்டைப் போட்டேன். கெண்டைக்கால் பிடித்தது. எல்லோரும் பார்க்க, களத்தின் நடுவிலேயே நின்றேன். விட்டதும் அடுத்த கட்டுக்கு நடந்தேன்.

புண் இருந்த இடத்தில் இப்போது மினுங்கும் தழும்பொன்று இருக்கிறது. குளித்ததும் பாதத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன். நாடி இன்றும் பிடிபடுவதில்லை. ஆனால் துருசடிவரை அநேகமாக நிற்காமலே போகிறேன். அந்த முறை விளைச்சல் குறைந்ததற்கு என் சப்பாத்துத்தான் காரணம் என்று மைத்துனர் சொல்லித் திரிகிறார். குறைந்தது உண்மைதான், மழை பிந்தியது. ஒவ்வொரு அரிவு வெட்டுக்கும் அவருக்குச் சொல்லி அனுப்புகிறேன். அவர் வருவதில்லை. நான் இரண்டு சப்பாத்தோடும் களத்தில் ஏறுகிறேன்.