சுலைஹா சாச்சியின் கட்டில் விரிப்பு

பெட்டியைத் திறந்ததும் கராம்பு வாசம்தான் முதலில் வந்தது. பூச்சி அரிக்காமலிருக்க மடிப்புகளுக்குள் போட்டு வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு கைத்தறி விரிப்பு... சிவப்பும் கறுப்புமாகக் கட்டம், ஒரு நுனியில் மட்டும் மஞ்சள் பட்டை.

அப்போது கல்முனையில் நடந்த ஊர் வரலாற்றுக் கண்காட்சிக்குப் பொருள் சேர்ப்பது என் வேலை. முதல் வேலை. மருதமுனையில் அந்தப் பெட்டி இருந்த வீட்டுச் சாச்சாதான் விரிப்பை எடுத்துத் தந்தார். அவர் மனைவி, சுலைஹா சாச்சி, எங்கோ கலியாண வீட்டுக்குப் போயிருந்தார்.

யார் நெய்தது, மஞ்சள் ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று கேட்டேன். "அதெல்லாம் பழைய சாமான் மகள்" என்று பிளேன்டீயைத் தந்து அனுப்பிவிட்டார். எனக்கோ கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

ஒபிசில் வழமைபோல, தந்தவர் என்று சாச்சாவின் பெயரை எழுதி விரிப்பின் கீழே ஒட்டினார்கள்.

திறப்பு விழா அன்று ஹோல் நிறையச் சனம். அந்த விரிப்புக்கு முன்னால் ஒரு பெண் மட்டும் நகராமல் நின்றார். அவர்தான் சாச்சி.

"இது என்ட வூட்டு விரிப்பு. அவர்ட பேர் ஏன் மகள் கெடக்கு?"

"அவர்தானே தந்தார் சாச்சி..."

"தந்தது அவர். நெய்தது நான். அவர் மாப்பிளையா என்ட வூட்டுக்கு வாறத்துக்கு முந்தி."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். வீடு பெண்ணுக்கு. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என்றாலும் எழுத என்று உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஆம்பிளைப் பெயர்தான் கைக்கு வரும்.

பின்னால் நின்ற சாச்சா தலையைச் சொறிந்தார். "ஓம், அவ செல்றது சரிதான். மாத்துங்க."

நான் மஞ்சளை விடவில்லை. அதையும் கேட்டேன். சாச்சி சிரித்துவிட்டார்.

"கறுப்பு நூல் முடிஞ்சிட்டு. வாப்பா கடைக்குப் போய் வரும் மட்டும் பொறுமையில்ல... கையில கெடந்த மஞ்சளப் போட்டன்."

சுலைஹா உம்மா என்ற பெயரோடு அந்தக் கதையையும் எழுதி ஒட்டினோம். வருகிறவர்கள் வாசிப்பதைப் பார்த்தபடி, பின்னேரம் வரை சாச்சி அங்கேயே நின்றார். எனக்கும் அன்று அப்படி ஒரு சந்தோஷம்.

இப்போது கண்காட்சிகள் எவ்வளவோ அழகு. கண்ணாடிப் பெட்டி, லைட், போனில் தட்டினால் விளக்கம்... போன மாதமும் ஒன்றுக்குப் போயிருந்தேன். நல்லதொரு கைத்தறிச் சேலை. கீழே, "நெய்தவர் பெயர் தெரியவில்லை."

எந்த வீட்டிலிருந்து எடுத்து வந்தார்களோ... அந்த வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.