தட்டாமல் வந்த வீடு

எழுபதுகளின் தொடக்கத்தில் எருத்தேன்பதிக்கு அம்மை குத்தும் ஊழியனாக வேலைக்குப் போனேன். ஊர் கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் இருந்தாலும் பேச்சு முழுக்கக் கோயமுத்தூர்த் தமிழ். முதல் வாரம் ஒரு வீட்டிலும் என்னை உள்ளே விடவில்லை. அம்மை வருவதை மாரியாத்தா வருவதாக நம்பினார்கள். ஊசி அவளைத் தடுக்கும் என்று பயந்தார்கள். என் பையைக் கண்டாலே பிள்ளைகள் சோளக்காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள்.

கண் தெரியாத ஓர் அம்மா இருக்கிறார், அவரைப் போய்ப் பார் என்றார் மேலதிகாரி.

அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. சிறுவயதில் பெரியம்மை வந்து இரண்டு கண்ணும் போனவர். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் இருந்தார். எனக்கு முன்பிருந்த ஊழியர்களோடும் அவர்தான் வீடு வீடாகப் போயிருக்கிறார். பெண் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிடுவதும், பொதுக்கிணறு கேட்டு சித்தூர் தாலுக்கா ஆபீசுக்கு பஸ் ஏறுவதும் அவருடைய வேலைகள். எல்லாரும் அவரைப் பெரியம்மா என்றார்கள்.

மறுநாள் கோலை ஊன்றிக்கொண்டு என்னோடு வந்தார். முதல் வீட்டுக்காரர் வாசலை மறித்து நின்றார்.

"ஆத்தா கோவிச்சுக்குவாங்க பெரியம்மா."

"எம்பட மூஞ்சியத் தொட்டுப் பாருங்க. ஆத்தா வந்துட்டுப் போன மூஞ்சி இது. உங்க புள்ளைக்கும் இப்படியே வேணும்னா சொல்லுங்க, நாங்க போயர்றோம்."

அவர் தொடவில்லை. வாசலை விட்டு விலகி வழி விட்டார். அன்று அந்தத் தெரு முழுக்கக் குத்திவிட்டோம்.

ஒரு தோட்டத்து வீடு மட்டும் விடுபட்டுப்போனது. பொதுக்கிணற்றுக்கு இடம் கேட்டதில் அந்த வீட்டுக்காரர்களுக்கும் பெரியம்மாவுக்கும் வாய்த்தகராறு ஆகியிருந்தது. எங்களைப் பார்த்ததும் அந்த வீட்டுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தம் கேட்டுப் பெரியம்மா வழியிலேயே நின்றார். "வாங்க தம்பி, போலாம்" என்றார். நானும் திரும்பிவிட்டேன்.

இரண்டு மாதத்தில் அந்த வீட்டுக்கு அம்மை வந்தது. நான்கு வயதுப் பெண் குழந்தை இறந்துபோனது. துக்கத்துக்குப் போன பெரியம்மா வீட்டுக்குள் நுழையாமல் வேலிப் படலுக்கு வெளியே மத்தியானம்வரை நின்றுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு கதவு திறக்காத எந்த வாசலையும் விட்டு அவர் நகர்ந்ததில்லை. ஒரு வீட்டு வாசலில் காலையில் உட்கார்ந்தவர், வெயில் உச்சிக்கு வந்து கதவு திறந்த பிறகுதான் எழுந்தார்.

பெரியம்மை நாட்டிலேயே இல்லை என்றான பிறகு, பஞ்சாயத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்தார்கள். அவரைப் பாராட்டி வாசிக்கும் மங்களபத்திரம் எழுதும் வேலை எனக்கு வந்தது. 'ஒரு வீடு விடாமல்' என்று எழுதியிருந்தேன். அழகாக இருக்கும் என்றுதான் எழுதினேன். பிரசிடெண்ட் அந்த வரியை வாசித்ததும் பெரியம்மா கையைத் தூக்கினார்.

"அது தப்புங்க. ஒரு ஊடு உட்டுப் போச்சு."

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க பெரியம்மா?"

"எழுதறதச் சரியா எழுதோணுமுங்க. அவங்களோட எனக்குப் பேச்சு இல்ல. அந்த ரோசத்துல கதவத் தட்டாம வந்துட்டேன். அந்தப் புள்ள இருந்திருந்தா இன்னைக்குப் பள்ளிக்கூடம் போயிட்டு இருக்கும்."

நான் தலை நிமிரவில்லை. பிரசிடெண்ட் மீதியை வேகமாக வாசித்துவிட்டுப் பொன்னாடையைப் போர்த்தினார்.

எல்லாரும் டீக்கு வெளியே போனதும், இறந்துபோன குழந்தையின் தாய் கடைசி வரிசையிலிருந்து எழுந்து பெரியம்மாவிடம் வந்தார்.

"கதவச் சாத்துனது நானுங்க."

பெரியம்மா குரல் வந்த பக்கம் கையை நீட்டி அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "நானாச்சும் தட்டியிருக்கோணும்" என்றார்.

"இத்தன வருசத்துல அவளப் பத்தி யாரும் எங்கிட்டப் பேசுனதில்லீங்க. நான் வருத்தப்படுவேன்னு உட்டுட்டாங்க. இன்னைக்குத்தான் ஒருத்தர் பேசிக் கேக்கறேன்."

"உக்காரு கண்ணு. புள்ள நல்லாப் பேசுவாளா?"

"வாய் ஓயாதுங்க" என்று சொல்லி அந்தத் தாய் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மற்ற நாற்காலிகளை எல்லாம் மடக்கிச் சுவரோரம் அடுக்கினேன். அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.