புல்லு வாரிக்கு எது அணியம்

எங்க மாமன் ஹார்பர்ல விஞ்சு ஓட்டிக்கினு இருந்தாரு. கப்பல்லேர்ந்து சரக்கத் தூக்கி கரையில எறக்குற மிசினு தான் விஞ்சு. எங்கம்மாவுக்குத் தம்பி அவரு. அவரு பொண்ணு எனக்குத் தான்னு சின்ன வயசுலயே ரெண்டு வூட்லயும் பேசி வெச்சிட்டாங்க. பொண்ணுக்கும் சம்மதம், எனக்கு ரெண்டு மடங்கு சம்மதம். மாமனுக்கு மட்டும் ஒரு கண்டிசன்.

"நெரந்தர வேல கையில கீதா, வந்து பொண்ணக் கேளு. இன்னிக்கு கூப்ட்டா வேல, நாளைக்கி கூப்டலன்னா கடக்கரையில குந்திக்கினு சீட்டாட்டம்னு கீறவனுக்குத் தர மாட்டேன்க்கா. நீ அழுதாலும் சரி." எங்கம்மா மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு.

நானு அப்போ தண்டையார்பேட்டைல ஒரு பட்டறைல ஃபிட்டரு. ஃபிட்டருன்னு பேரு தானே கண்டி, தெனக்கூலி. பள்ளிக்கூடம்லாம் நான் மழைக்கு ஒதுங்கக் கூட போனது கெடையாது. கண்ணால பாத்து கையால செஞ்சி கத்துக்கினது தான். டிராக்டரு புச்சா நாட்டுக்குள்ள வந்துக்கினு இருந்த காலம். டிராக்டருக்குப் பின்னாடி மாட்ற சாமான்லாம் கப்பல்ல வரும், எங்க மொதலாளி அத வாங்கி விப்பாரு. நாங்க மாட்டிக் கொடுப்போம்.

அப்டித் தான் ஒரு நாளு லாரில ஒரு பொட்டி வந்துச்சு. ஒரு ரூம்பு மாரி இம்மாம் பெர்சு. உள்ள இன்னா கீதுன்னு கேட்டவன விட, பொட்டி மரம் யாருக்குன்னு கேட்டவன் தான் ஜாஸ்தி. ராயபுரத்துல அப்போ பாதி வூட்டுக் கதவு கப்பல் பொட்டிப் பலகை தான். எங்கம்மா அடுப்பங்கரைக் கதவுல ஒரு கொடப் படமும், ஒரு கிளாசுப் படமும் தலகீழா இருக்கும். மழைல நனையக் கூடாது, ஒடையக் கூடாதுன்னு அர்த்தமாம். கதவு வருசா வருசம் மழைல நனைஞ்சிக்கினு தான் இருந்துச்சு. அந்த மரத்துக்கு ஒரு வாசன உண்டு பாரு, சாம்பிராணி மாரி. இப்பவும் எங்கியாவது அந்த வாசன வந்தா நின்னு மோந்து பாப்பேன். சரி, பொட்டிக்கு வர்றேன்.

ஒடச்சிப் பாத்தா உள்ள முழுக்க இரும்புக் குழாயி, சட்டம், சக்கரம், அப்பால சாக்குப் பை நெறைய ஸ்ப்ரிங் கம்பி. ஒவ்வொரு கம்பியும் வளைஞ்சி வளைஞ்சி பூன நகம் மாரி கீது. மொதலாளி சொன்னாரு, "இது புல்லு வாரிடா. அறுத்துக் காயப்போட்ட புல்ல வரிசையா வாரித் தள்ளும். மாதவரத்துக்கு அப்பால மாட்டுப் பண்ண ஒண்ணு கீது பாரு, அவங்க கேட்டு வரவழைச்சது."

கூடவே ஒரு புக்கும் இருந்துச்சு. மொதலாளி பி.ஏ. படிச்சவரு. பொரட்டிப் பொரட்டிப் பாத்தாரு. இங்கிலீசே கெடையாது, எந்தத் தேசத்து பாசையோ. படிச்ச அவருக்கும் படிக்காத எனக்கும் அன்னிக்கு ஒரே நெலம. மாட்டிக் காட்ட வர வேண்டிய வெள்ளக்காரன் ரெண்டு மாசம் கழிச்சித் தான் வருவானாம். பண்ணைலயோ புல்லு அறுக்கற நேரம்.

"புக்குல படம் கீதே சார்"னேன் நானு.

மொதலாளி என்ன மேலயும் கீழயும் பாத்தாரு. "வெள்ளிக்கெழம பண்ணைல ஓட்டிக் காட்டணும். ஓடுச்சின்னா உன்ன நெரந்தரமா எட்த்துக்கறேன். ஓடலன்னு வெச்சிக்கோ, கேட்டுப் பக்கம் தலய காட்டாத."

எனக்குக் காதுல விழுந்தது பொண்ணு மட்டும் தான்.

மொதல்ல எல்லாத்தையும் தரைல பரப்பிட்டேன், ஏலத்துக்கு மீனு வரிசை வெக்கிற மாரி. பெர்சு ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். படத்துல கீற ஒவ்வொண்ணும் தரைல கீதான்னு தொட்டுத் தொட்டுப் பாத்தேன். அப்பால சட்டத்த கட்டய வெச்சி நிறுத்திட்டு மாட்ட ஆரமிச்சேன். போல்ட்டு எல்லாத்தையும் கையால மட்டும் சுத்தி உட்டேன், ஒண்ணயும் முறுக்கல. ஒரு மூலைய மொதல்லயே முறுக்கிட்டா எதுர் மூலைல ஓட்டை ஒட்டாம பல்லிளிக்கும். எல்லாம் பூந்த அப்பால தான் ஸ்பானரு போட்டேன்.

பல்லு மாட்டும்போது தான் கொயப்பம். வளைவு முன்னாடி பாக்கணுமா, பின்னாடி பாக்கணுமா? படத்துல சரியாத் தெரில. ஒரு கம்பிய கைல எட்த்து மண்ணுல இழுத்துப் பாத்தேன். முன்னாடி பாத்தா மண்ணக் கொத்துது. பின்னாடி பாத்தா தல வார்ற மாரி வழுக்கிக்கினு போவுது. அப்டியே எல்லாத்தையும் மாட்டிட்டேன்.

அப்பால டிராக்டருல கோக்கற வேல. கீழ ரெண்டு கை, மேல ஒரு கை, மூணுலயும் மாட்டணும். எடது கைய மொதல்ல மாட்டிடணும், ஏன்னா அது அப்டியே தான் இருக்கும். வலது கைக்கு ஒரு கைப்புடி கீது, அத சொயட்டி ஏத்தி எறக்கி ஓட்டைக்கு நேரா கொண்டாந்துடலாம். மேல கை கடைசி. ஒவ்வொண்ணுக்கும் பின்னு போட்டு, பின்னுக்கு ஒரு பூட்டு. பின்னு இல்லாங்காட்டி கம்பியால கட்டிக்கலாம்னு ஒருத்தன் சொன்னான். அவன நான் கிட்டவே சேக்கல.

இன்ஜினு வேகத்த வாரிக்குக் கொண்டு போற தண்டு ஒண்ணு கீது. தீவாளி சங்குசக்கரம் மாரி விர்ருனு சொயலும். கொழாக்குள்ள கொழா பூந்து நீளும், சுருங்கும். வாரிய மேல தூக்கிப் பாத்தா தண்டு முட்டிக்கினு நிக்குது. நீளம் ஜாஸ்தி. ஆக்சா பிளேட எட்த்து ரெண்டு கொழாவையும் ஒரே அளவா அறுத்தேன். மொதலாளி அப்டியே ஒரு ஸ்டூலு மேல குந்திட்டாரு.

"சீமைச் சாமான அறுக்கறியேடா பாவி!"

"அறுக்கலன்னா டிராக்டரு முதுகுல குத்திடும் சார்."

அந்தத் தண்டு மேல தான் எனக்கு பயம். ஹார்பர்ல கொஞ்ச நாளு கூலிக்குப் போயிகீறேன். சொயல்ற உருளைல சட்டைக் கையி மாட்டிக்கினு ஒருத்தன் பட்ட பாட்ட நான் பாத்துகீறேன். அதனால பண்ணை டிரைவரு பட்டறைக்கு வந்தப்போ மூணு விசயம் சொன்னேன். தண்டு சொயலும்போது சுத்தி பத்தடிக்குள்ள ஆளே இருக்கக் கூடாது. நான் கையத் தூக்குனா மொதல்ல தண்ட நிறுத்தணும். புல்லு சிக்கிக்கிச்சின்னா வாரிய தரைல எறக்கி, தண்ட நிறுத்தி, இன்ஜின நிறுத்தி, சாவி ஜோப்புல போன அப்பால தான் கைய வெக்கணும். "லுங்கி கூடாது"ன்னும் சொன்னேன். அவரு என்ன விட ரொம்பப் பெரியவரு.

"இருவது வருசமா லுங்கில தான் வண்டி ஓட்டறேன் தம்பி."

"இந்தத் தண்டுக்கு அது தெரியாது நைனா."

சிரிச்சிட்டாரு. வெள்ளிக்கெழம காக்கி அரை டவுசரோட வந்தாரு, லுங்கிய மடிச்சி சீட்டுக்கு அடில சொருகிட்டு.

வெள்ளிக்கெழம பண்ணைக்கு நாங்க போய்ச் சேந்தா, எங்களுக்கு முன்னாடி மாமன் நிக்கிறாரு. எங்கம்மா சொல்லி, லீவு போட்டுட்டு வந்துகீறாரு. எட்டு மொழ வேட்டி, புச்சு. ஒரு கைல மாதா கோயில் தீர்த்தம் பாட்டிலு, இன்னொரு கைல சாமந்தி மால. மால அவரு கையால கட்டுனது, நைலான் நூல்ல. நைலான் அப்போ தான் வலைக்கு வந்த புச்சு. பருத்தி நூலு மாரி உப்புத் தண்ணில இத்துப் போவாது, இழுத்தாலும் அறுவாதுன்னு மீன் புடிக்கற எங்க ஆளுங்களுக்கு அம்மாம் பெரும. துணி ஒணத்தறதுக்கு, பல்லு புடுங்கறதுக்கு, எல்லாத்துக்கும் நைலான் தான். மாமன் மாலையும் அதுல தான் கட்டிகீறாரு.

"எதுக்கு மாமா இதெல்லாம்?"

"புச்சு போட்ட தண்ணில எறக்கும்போது சொம்மாவா எறக்கறோம்? அணியத்துல மால போட்டு, தீர்த்தம் தெளிச்சித் தானே எறக்கறோம். இதுவும் அப்டித் தான்." அணியம்னா போட்டோட முன்பக்கம். அப்பால அவரே வாரிய ஒரு சுத்து சுத்தி வந்தாரு. "ஆமா, இதுக்கு அணியம் எது?"

யாருக்கும் தெரில. பல்லு கீற பக்கம்னான் ஒருத்தன். சக்கரம்னான் இன்னொருத்தன். புல்லு அறுக்கற பொம்பளைங்க நின்னுக்கினு இருந்தாங்க, அதுல ஒரு அம்மா, "இன்னாபா, மாட்டுக்கு சீப்பு வாங்கிட்டு அதுக்கு நெத்தி எதுன்னு தேட்றீங்களா?"ன்னுச்சு.

மாமன் முடிவு பண்ணிட்டாரு. "எது மொதல்ல போவுதோ அது தான் அணியம்." டிராக்டரு பக்கம் குனிஞ்சி, தண்டு டிராக்டருல சேர்ற முட்டில மாலய சுத்தி ஒரு முடிச்சி போட்டாரு. தண்டுக்கு மேல மூடி கீது, ஆனா அந்த முட்டி மட்டும் வெளில தெரியும். மால மீதி ரெண்டு மொழம் தொங்குது.

நான் பாத்துக்கினு தான் இருந்தேன். டிரைவர் நைனா லுங்கியவே அவுக்க வெச்சவன் நான். வாயி வரிக்கும் வந்துச்சு. ஆனா மாமன் பொண்ணு மூஞ்சி முன்னாடி வந்து நின்னுச்சு. இவரப் போயி இத்தினி பேரு எதுர்ல தப்பு சொல்றதான்னு வாய மூடிக்கினேன். தீர்த்தம் தெளிச்சாரு. பண்ணை டாக்டரு, அதாவது மாட்டு டாக்டரு, அவரு தான் அங்க பெரிய ஆபீசரு, "ம், ஓட்டுங்க"ன்னாரு.

தண்டு சொயல ஆரமிச்சது தான் தெரியும். தொங்குன மால வாலு காத்துல ஒரு சுத்து சுத்தி சாமந்தி நாலா பக்கமும் தெறிச்சுச்சு. "ஐயோ, மால கீழ வியக்கூடாது"ன்னு மாமன் ஓடிப் போயி குனிஞ்சாரு. நைலான் வாலு வேட்டி முந்திய சுத்திக்கிச்சு.

நான் கையத் தூக்குனேனா, கத்துனேனா, ரெண்டுமா, தெரில. "தள்ளிப் போடா அந்தாண்ட! மாமனாவது கீமனாவது! பத்தடின்னா உனுக்கும் பத்தடி தான்யா!" டிரைவர் நைனா என் கையத் தான் பாத்துக்கினு இருந்தாரு. லீவர டக்குனு தள்ளிட்டாரு. தண்டு நிக்கறதுக்குள்ள வேட்டி முழுசா இடுப்ப விட்டுப் போயிடுச்சு. நைலான் அறுந்து இருந்தா பூவோட போயிருக்கும். அது தான் அறுவாதே.

மாமன் பட்டாபட்டி டவுசரோட நிக்கிறாரு. தலைல சாமந்தி. தண்டுல எட்டு மொழமும் சுருட்டு மாரி சுத்திக்கினு கீது. அப்பால அந்த அம்மா, "புல்லு வாரும்னீங்க, ஆளையே உரிச்சிடுச்சே"ன்னுச்சு. பண்ணையே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல. வேட்டிக்குப் பதிலா கையா இருந்தா இன்னா ஆயிருக்கும்னு நெனப்பு அதுல தான் நின்னுச்சு.

வாரிய எறக்கி, இன்ஜின நிறுத்தி, சாவிய வாங்கி ஜோப்புல போட்டுக்கினு, கத்தியால நைலான அறுத்து எட்த்தேன். டிரைவர் நைனா சீட்டுக்கு அடிலேர்ந்து லுங்கிய உருவி மாமனுக்குக் கொடுத்தாரு.

மாட்டு டாக்டரு கிட்ட வந்தாரு. "அங்க மாலை கட்ட விட்டது யாரு?"

மொதலாளி எனக்குக் கண்ணு காட்டுனாரு, பேசாதன்னு. நானு, "கட்டும்போது நான் பாத்துக்கினு தான் சார் இருந்தேன். சொல்லி இருக்கணும். மாமனாச்சேன்னு சொல்லாம உட்டுட்டேன்"னேன். மொதலாளி நெத்தில அடிச்சிக்கினாரு.

டாக்டரு, "இப்ப ஓட்டு"ன்னாரு. மொதச் சாலுல பல்லு தாழ இருந்து மண்ணும் சேந்து வந்துச்சு. நிறுத்தி, சக்கரத்த ஒரு ஓட்டை எறக்கி, பல்ல ரெண்டு வெரல் கட மேல தூக்குனேன். அப்பால போச்சு பாரு! பரந்து கெடந்த புல்லு எல்லாம் ஒதுங்கி, பொண்ணு சடை பின்னி வுட்டா மாரி நீளமா ஒரே வரிசை. அந்த அம்மா ஒரு புடி எட்த்து மண்ணு கீதான்னு ஒதறிப் பாத்துச்சு.

ரெண்டு மணி நேரம் ஓடுச்சு. கடைசில டாக்டரு மொதலாளிய கூப்ட்டாரு. "எங்க டிரைவருங்களை அடுத்த வாரம் அனுப்பறேன். இந்த ஆளு சொல்லிக் கொடுக்கட்டும். வேட்டிக் கதையும் சேர்த்து சொல்லச் சொல்லுங்க. அடுத்த மிஷினையும் இவன் தான் மாட்டணும்." மொதலாளிக்கு வேற வழி இல்ல. திரும்ப வரும்போது லாரில, "திங்கக்கெழம ஆபீசுல ஒரு கைநாட்டு வெச்சிட்டுப் போ"ன்னாரு.

மாமன் அந்த லாரில தான் வந்தாரு, லுங்கியோட. ராயபுரம் வந்ததும் என்ன பாக்காமலே எறங்கிப் போயிட்டாரு. நெரந்தர வேல வந்துடுச்சு, பொண்ணு போயிடுச்சுன்னு நெனச்சேன். மூணு வாரம் எங்க வூட்டுப் பக்கமே வரல. பொண்ண கோயில்ல தூரமா பாத்தா, அது அவங்கப்பாவப் பாத்துட்டு தலய குனிஞ்சிக்கிது.

மூணாவது ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி வந்தாரு. உள்ள வரல. வாசல்ல நின்னுக்கினு கத்துறாரு. "அக்கா! உன் புள்ள என்ன அத்தினி பேரு எதுர்ல வாடா போடான்னு பேசிட்டான்!"

எங்கம்மா கரண்டியோட ஓடியாந்து, "தெரியாம பேசிட்டான்டா, உட்டுடுடா"ன்னு கைய புடிச்சிக்கிச்சு.

"தெரியாமலாவது! விஞ்சுல குந்திக்கினு நான் எத்தினி பேர அப்டி அதட்டிகீறேன். தூக்குற சரக்குக்குக் கீழ நின்னான்னு கப்பல் ஆபீசரையே அதட்டிகீறேன். நானே போயி மிசினுக்குள்ள கைய உடப் பாத்தேனேன்னு மூணு வாரமா தூக்கம் இல்ல."

"அதுக்கு இப்போ இன்னாடா பண்ணச் சொல்ற?"

"தேதி சொல்லு. வூட்ல பொண்ணு வேற மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீது."

எங்கம்மா லேசுப்பட்ட ஆளு இல்ல. "அவனுக்கு வேல நெரந்தரம் ஆயிடுச்சின்னு தானே ஓடியாந்த?"

"அதுக்கும் தான்"னு சொல்லிட்டு செருப்பக் கயட்டி உள்ள வந்து குந்துனாரு. எங்கம்மா சோத்தப் போட்டு வஞ்சிர மீன் கொழம்ப ஊத்துச்சு. ரெண்டாந்தரம் வாங்கித் துன்ன அப்பால தான் என் பக்கம் திரும்பி, "நீ துன்னியா மாப்ள?"ன்னு கேட்டாரு.