கால் தலையணைக்கு அடியில் ஒரு ஜெபப் புத்தகம்

சபையாரே, இது கேட்க நன்றாக இருக்கிற சாட்சி அல்ல. நாற்றம் பிடித்த சாட்சி. மூக்கைப் பொத்திக்கொண்டாவது கேளுங்கள்.

1958, மழைக்காலம். சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக் கடை மாடியில் குடியிருந்தோம். ஹார்பரில் வேலை பார்த்த என் கணவர் துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டார். ஏற்கெனவே நீரிழிவு. புண் புரையோடியது. அறை முழுக்கச் செத்த எலி வாடை. எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டிய புருஷனைப் பார்க்கவே குமட்டியது. அதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பெண்கள் ஜெபக் கூட்டத்தை நடத்திய கிரேஸ் அக்கா வந்தார். ஜெபித்த எண்ணெயை ஊற்றி இறுகக் கட்டினார்.

"ஏழு நாளைக்கு அவுக்காத எஸ்தர். அவுத்துப் பாத்தா அவிசுவாசம் லா."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். விசுவாசத்தால் அல்ல, புண்ணைத் தொட வேண்டாமே என்று. கல்யாணத்துக்குச் சபையில் கொடுத்த ஜெபப் புத்தகத்தை அவருடைய கால் தலையணைக்கு அடியில் செருகினேன். அதுவரை அதைத் திறந்ததே இல்லை. தாயத்துக் கட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க மட்டும் நமக்கு நன்றாகத் தெரியும்.

ஐந்தாம் நாள், ஞாயிறு மத்தியானம்.

"உள்ள என்னமோ ஊருது, எஸ்தரு."

"குணமாகுதுங்க, அதான். சும்மா படுங்க."

பார்த்தால் தலையணை நனைந்திருந்தது. புத்தகத்தை உருவினேன். அதிலும் சீழ். துடைக்கத் திறந்தபோதுதான் முதல் தடவையாக வாசித்தேன். எழுதியவர் சபைச் சீர்திருத்தம் தொடங்கிய காலத்து ஜெர்மானியப் போதகர். அவருடைய வாழ்க்கை முன்பக்கங்களில் இருந்தது. ஊரில் கொள்ளைநோய் வந்து மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அவர் வீடு வீடாகப் போனார். நாற்றம் தாங்காமல் தெருவில் வாந்தி எடுத்தார், வாயைக் கழுவிக்கொண்டு திரும்ப உள்ளே போனார். அருவருப்பை நீக்கும்படி அவர் ஜெபிக்கவே இல்லை. அருவருப்போடேயே உள்ளே போகப் பெலன் கேட்டிருந்தார்.

எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. புண்ணைவிட நான் நாறினேன்.

"ஆண்டவரே, எனக்கும் அந்தப் பெலனைத் தாரும்" என்று சொல்லிக் கத்தரியை எடுத்தேன்.

கட்டுக்குள் புழு. வாளியில் வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவினேன். திரும்ப வந்தேன்.

"பரவால்ல, நீ தள்ளி நில்லு" என்றார் அவர். அதைக் கேட்டுத்தான் அழுதேன்.

அன்றே டிரைஷா சைக்கிள் வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். "ஏழு நாள் முடியட்டும்னு இருந்திருந்தா காலே போயிருக்கும்மா" என்றார் காயம் கட்டுகிற தமிழ் டிரெசர். இரண்டு விரல்கள் போயின. கால் தப்பியது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

கிரேஸ் அக்கா வந்து, "பாத்தியா, எண்ணெய்தான் காப்பாத்துச்சு" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் கொடுத்தேன்.

இப்போது வாரம்தோறும் அதே ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய், கவனிக்க ஆளில்லாத நோயாளிகளுக்கு அழுக்குத் துணி மாற்றுகிறேன். இன்றும் குமட்டுகிறது. இன்றும் பெலன் கிடைக்கிறது. புத்தகத்தில் கறை போகவில்லை, ஆனாலும் தினமும் அதைத்தான் வாசிக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் நாறுகிற புண் இருந்தால் ஜெபியுங்கள். அவர் கேட்பார். ஜெபித்துவிட்டு, எழுந்து போய்க் கட்டை அவிழ்த்துப் பாருங்கள்.