எங்கள் சேர்வரைத் திணறடித்தவர்

போன ஆவணி மாதம் நடந்தது. கிளிநொச்சியில் கலியாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்ரூடியோவில் வேலை செய்கிறேன். படங்கள், வீடியோக்கள் எல்லாம் ஒரே சேர்வரில்தான் கிடக்கும். மற்றக் கணினிகள் நெட்வேர்க் வழியாக அதிலிருந்து திறந்து வேலை செய்யும். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அன்று வட்டக்கச்சிக் கலியாணம் ஒன்றின் வீடியோவைப் பின்னேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அன்றிரவு பிளேன் ஏறுகிறார். பெண்ணுக்கு இன்னும் விசா வரவில்லை. மாப்பிள்ளை கையோடு கொண்டுபோக இருந்தது அந்த வீடியோ மட்டும்தான்.

காலையில் நன்றாக ஓடிய சேர்வர் திடீரென்று படுத்துவிட்டது. சேர்வர் ஒரு தரத்தில் படித்துக் கொடுக்கும் அளவைக் கூட்டிப் பார்த்தேன். கேபிளை மாற்றினேன். எடிட்டிங் செய்பவனை ஏசினேன். கேபிள் விற்ற கடைக்காரனையும் போனில் ஏசினேன். ஒன்றும் அசையவில்லை.

கடைசியில், எந்தக் கணினி சேர்வரை இப்படி நச்சரிக்கிறது என்று தேடினேன். முன்மேசைக் கணினி! அதில் இருப்பவர் முதலாளியின் அக்கா. பில் அடிப்பதைத் தவிர அவருக்கு அதில் வேலையே இல்லை.

கத்துவதற்கென்றே போனேன். அக்கா பழைய கலியாணப் படங்களையெல்லாம் திறந்துவைத்து, முகம் முகமாகப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கலியாணத்துக்கும் ஆயிரக்கணக்கில் படம். அத்தனையும் அவர் திரையில் தெரிய, சேர்வர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க வேண்டும். பிறகு எப்படி ஓடும்?

“என்னக்கா செய்யிறியள்? அங்க மாப்பிள்ளை வெளிக்கிடப் போறார், இஞ்ச நீங்கள் படம் பாக்கிறியள்!”

அவர் திரும்பவே இல்லை. “கத்தாத. உனக்குத்தான் பொம்பிளை தேடுறன். இந்த வாய்க்கு ஆர் தருவினம்? நானாப் பாத்தாத்தான் உண்டு. இந்தப் பச்சைச் சாறிப் பிள்ளையைப் பார். புளியங்குளம் ஆக்கள். உன்னைத் தாங்கிற பொறுமை முகத்தில தெரியுது.”

எனக்குப் பெண் பார்க்க என் வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. அது அக்காவுக்குத் தெரியும். குரலைத் தணித்தேன்.

“வீடியோ முடியும் மட்டும் மூடி வையுங்கோ அக்கா.”

“அப்ப பச்சைச் சாறி?”

“அவா ஒரு இடமும் ஓடமாட்டா.”

மூடினார். சேர்வர் உயிர்த்தது. பின்னேரம் மாப்பிள்ளையின் வான் ஸ்ரூடியோ வாசலில் ஸ்ரார்ட் பண்ணி நிற்கையில் ஓடிப்போய் அவர் கையில் வீடியோவைக் கொடுத்தேன்.

அடுத்த நாள் எல்லாப் படங்களையும் சிறிதாக்கி அக்காவின் கணினிக்குள்ளேயே போட்டுவிட்டேன். இனி அவர் எவ்வளவு தேடினாலும் சேர்வருக்கு நோகாது. பச்சைச் சாறிக்குக் கலியாணம் முடிந்துவிட்டதாம். அக்கா தளரவில்லை, தேடுகிறார்.

இப்போதும் சேர்வர் இழுத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர் யாருக்காக என்ன தேடுகிறார் என்று ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கத்துகிறேன்.